பழைய கம்ப்யூட்டரும் ‘லேட்’ என்கிற சொல்லும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் காலையில் எழுந்து உட்காருவதற்குள் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு ரயிலும் பீச்சுக்கு ஒரு ரயிலும் போய்விடும். திருவொற்றியூரில் ரயில்வே கேட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ஆகவே இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நேரம் பார்த்தேன். பொத்தானை அழுத்துவேன். உள்ளே எதுவோ கரகரவென்று தொண்டையைச் செருமும். நான் போய்ப் பல் துலக்கி, அடிபம்பில் நாலு குடம் அடித்து வைப்பேன். முதல் ரயில் போகும். திரும்பி வந்து பார்த்தால் திரையில் மணல் கடிகாரம் நின்றுகொண்டிருக்கும். இட்லி சாப்பிடுவேன். இரண்டாவது ரயில். அதற்கப்புறம்தான் மவுஸ் நகரும்.

அந்த நேரத்தில் யாராவது வேலை கொடுக்க வந்துவிட்டால் அம்மாதான் சமாளிப்பாள். “இப்பதான் ஏந்துகினு கீது, குந்துங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். வந்தவர்கள் யாரோ உள்ளே தூங்கி எழுகிறார்கள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

இது இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூன்று நான்கு வருடம் கழித்து. எங்கள் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு, டோல்கேட் பக்கத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் தமிழ் ஹையர் பாஸ் செய்திருந்தேன். பாரிமுனையில் ஒரு ஆபீசைக் காலி செய்தபோது மூலையில் கிடந்த கம்ப்யூட்டரைச் சொல்லி வைத்து வாங்கி வந்தேன். அதில் தமிழ் வருவதற்கு ஒரு மென்பொருள். அதற்கு விரல் நீளத்தில் ஒரு பூட்டு. பிரிண்டர் ஒயரைச் சொருகும் இடத்தில் அதைச் சொருகினால்தான் தமிழ் வரும். சொருகாவிட்டால் ஆங்கிலம் மட்டும். அந்தப் பூட்டை அம்மா ராத்திரியானால் கழற்றி அரிசி டப்பாவில் வைத்துவிடுவாள். கடல் காற்று பட்டால் துரு ஏறுமாம்.

என் வேலை பத்திரிகை அடித்துக் கொடுப்பது. கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி. நான் அடித்து, பக்கம் அமைத்துக் கொடுப்பேன். ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் அச்சாகும். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் பெயரை விட முக்கியம் உள்தாளில் வரும் பெயர்ப் பட்டியல். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா, அவர்களுடைய பிள்ளைகள், தெரு நண்பர்கள். நூறு பேர், நூற்றைம்பது பேர். யார் மேலே, யார் கீழே என்பது வீட்டுக்கு வீடு பல நாள் பேசி முடித்த விஷயம். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டு ஜனம் கல்யாணத்துக்கு வராது. அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை அடித்த பட்டியலை நான் அழிப்பதே இல்லை. அடுத்த விசேஷத்துக்கு வந்து, “போன தபா போட்ட மாரியே போடு, புள்ள ரெண்டு பொறந்துகீது, அத்த மட்டும் சேத்துக்க” என்பார்கள். சண்டையெல்லாம் தீர்ந்து சமாதானமான பட்டியல்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

இறந்தவர்களுக்கும் பட்டியலில் இடம் உண்டு. மற்ற ஊர்களில் அமரர் என்றோ தெய்வத்திரு என்றோ போடுவார்கள். எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் ‘லேட்’. படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த இரண்டு எழுத்தின் உருவம் தெரியும். ‘லேட்’ போட்டால் அந்தப் பெயர் மட்டும் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து வரிசை கோணலாகிவிடுகிறது என்று, நான் அதற்கு இடது பக்கத்தில் தனியாக ஒரு ஒல்லியான பத்தி வைத்திருந்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தப் பத்தியில் வெற்று வரி, இல்லாதவர்களுக்கு ‘லேட்’. பெயர்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் தொடங்கும். வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அப்பாவுக்கு இதெல்லாம் வேலையாகவே படவில்லை. அவர் ஹார்பரில் கிரேன்களுக்கு கிரீஸ் வைப்பவர். நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன். அவரும் மனசு நன்றாக இருந்தால் என்னை நைனா என்பார். வேலை என்றால் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போக வேண்டும், கழுத்தில் போட்டோ போட்ட அட்டை தொங்க வேண்டும். “பட்ச்ச புள்ள வூட்லயே குந்திகினு கீறானேன்னு கேக்கறானுங்கடா. இன்னா பதில் சொல்ல சொல்ற?” என்பார். மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவருக்குத் தெரிந்த சூப்பர்வைசர் எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைக் குறிக்கும் வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்குத்தான் எண்களை விடப் பெயர்கள் பிடித்திருந்தன.

அப்போதுதான் காசிமேட்டிலிருந்து அந்த போட்டுக்காரர் வந்தார். சொந்தமாக இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர். மகள் கல்யாணம். எண்ணூறு பத்திரிகை. இவர் பத்திரிகை சரியாக வந்தால் அந்தக் கரை முழுக்க என்னிடம் வரும். பிறகு அப்பாவிடம் தைரியமாகப் பேசலாம். கோணலாகிவிட்டால் யார்டுதான். எனக்கே அது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் இரண்டு பேர். பெரிய மாமன் காத்திவாக்கத்துக்குக் குடிபோய்விட்டவர், எப்போதாவதுதான் வருவார். சின்ன மாமன் பக்கத்து வீடு; பெண்ணைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். யார் பெயர் முதலில் என்று இரண்டு மாதமாக இருவரும் பேசுவதில்லை. கடைசியில் போட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். இடது பட்டியலில் முதல் வரி பெரிய மாமன், வலது பட்டியலில் முதல் வரி சின்ன மாமன். ஒரே உயரம், ஒரே அளவு எழுத்து. இந்தச் சண்டையில் அவர்களுடைய அப்பா, அதாவது பெண்ணின் தாத்தா, இறந்து ஆறு வருடமானவர், இடது பக்கம் இரண்டாவது வரிக்குப் போய்விட்டார்.

“ஸ்கேல் வெச்சி பாப்பானுங்க, தம்பி. ஒருத்தன் ஒசந்தா நா தொலஞ்சேன்” என்று போட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

நூற்று எண்பது பெயர். பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்கவில்லை. ஒரு பக்கத்தைக் கீழே தள்ளினால் திரை வெள்ளையாகி, பெயர்கள் ஒவ்வொன்றாக, எழுத்து எழுத்தாக, மேலிருந்து கீழே வந்து உட்காரும். வலது பக்கம் ஒரு பெயரைச் சேர்த்தால் அப்படியே நின்றுவிடும். அணைத்து மறுபடி போட்டால் இரண்டு ரயில். ஒரு நாளில் நான் முழுசாக அடித்து முடித்தது நாற்பது பெயர்.

எனக்கு ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் தோஸ்து ஒருவன் இருந்தான். கல்லூரியில் பக்கத்து பெஞ்சு. அவனை வரச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். அப்பாவும் குனிந்து பார்த்தார். உள்ளே எல்லா முனையிலும் பச்சையாகப் பூத்திருந்தது.

“மாமு, இது பேஜாரு புட்ச்ச கேசு. புதுசு எட்துடு” என்றான்.

அப்பா விடவில்லை. “எத்தினி வருசம் ஆச்சி இதுக்கு?”

“ஆறு இருக்கும்பா.”

“ஆறு வருசம். ஹார்பர்ல நா கிரீஸ் வெக்கிற கிரேன் எனுக்கு மின்னாடி பொறந்தது. ரோப்ப மாத்துவோம், பேரிங் மாத்துவோம், அது பாட்டுக்கு தூக்கினு கீது. இதுல எது போச்சோ அத்த மட்டும் மாத்து.”

“மெமரி கம்மிப்பா. அத்த ஏத்தலாம். ஆனா அந்த போர்டுல கொஞ்சந்தான் ஏறும். போர்ட மாத்தலாம்னா ப்ராசசரையும் மாத்தணும். அத்த மாத்துனா பவர் டப்பாவ மாத்தணும். கட்சீல இந்தப் பொட்டி மட்டுந்தான் பயசா நிக்கும்.”

“பொட்டி நல்லாதானே கீது” என்றார் அப்பா.

தோஸ்து என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது. கையில் இருந்ததை வழித்தெடுத்தால் ஒரு புதுசு பூட்டலாம். ஆனால் புதுசு வாங்கிவிட்டால், இதுதான் என் வேலை என்று வீட்டுக்கு அறிவித்த மாதிரி. பழசுக்கே ஏதாவது செய்து ஓட்டினால், யார்டுக்கும் போகலாம், ஓய்வு நேரத்தில் இதையும் பார்க்கலாம் என்று எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். அப்பா சொன்னது மெஷினைப் பற்றி மட்டும்தானா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

சரி, மெமரியை ஏற்றிப் பார்ப்போம் என்று தோஸ்து பழைய மெமரிப் பட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நானும் கூடப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா அந்தப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

“மஞ்சளா அழுக்கு புட்ச்சிகீதுடா. உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டேன். பாரு, எப்டி பளபளன்னு கீது.”

கிரேனில் மின்சாரம் பாயும் முனைகளை அவர் வாரம் ஒருமுறை அப்படித்தான் தேய்ப்பார். அந்த மஞ்சள், அழுக்கு இல்லை, தங்க முலாம். தோஸ்து பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொருகினான். கம்ப்யூட்டர் மூன்று முறை கீச் கீச் என்று கத்திவிட்டுச் சும்மா இருந்தது.

“இன்னா சொல்து?” என்றார் அப்பா.

“உங்கள நல்லாகீறீங்களான்னு கேக்குது” என்றான் தோஸ்து. பட்டையைக் கழற்றிக்கொண்டு, பழைய நிலைமைக்கே கொண்டுவந்து மூடினான். அடுத்த நாள் சாயங்காலம் அவனே ஆட்டோவில் ஒரு புதுக் கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டுவந்து பழசின் பக்கத்தில் இறக்கினான். “ஞாயித்துக்கெயம வரைக்கும் ஓட்டிப் பாரு. புட்ச்சா வெச்சிக்க, இல்லன்னா எட்துனு போறேன். உங்கப்பாவ கிட்ட உடாத, அது போதும்.”

புதுசு, பொத்தானை அழுத்தியதும் எழுந்தது. நான் எழுந்து நின்றவன் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. “வந்தவங்கள குந்துங்கன்னு சொல்றதுக்குள்ள வந்துடுதே” என்றாள்.

ஆனால் பழைய தமிழ் மென்பொருள் அதில் ஏறவில்லை. தோஸ்து வேறு ஒன்று போட்டுக் கொடுத்தான். என் பட்டியல்களை ஃபிளாப்பியில் ஏற்றி அதில் திறந்தால், தாய்மாமன்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தார்கள். அதற்கும் ஒரு வழி இருந்தது. பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றும் ஒரு சின்ன நிரல். ஐந்து நாளாக ரயிலுக்கு நடுவே அடித்து முடித்திருந்த நூற்று எண்பது பெயரையும் அதற்குக் கொடுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லோரும் தமிழில் வந்துவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. ஸ்கேலை எடுத்து, இரண்டு மாமன்மாரும் ஒரே உயரத்தில் இருக்கிறார்களா என்று அளந்தேன். மயிரிழை பிசகவில்லை. புரூஃப் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு பஸ் ஏறினேன்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் பத்திரிகையை உறவு கூடிய இடத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது அங்கே வழக்கம். பெரியவர்களில் பாதிப் பேருக்குப் படிப்பு கிடையாது. அவரவர் பெயரை அவரவர் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்காரர் வீட்டு மாடியில் பாய் விரித்திருந்தார்கள். பெரிய மாமன் ஒரு சுவரோரம், சின்ன மாமன் எதிர்ச் சுவரோரம். நடுவில் அவர்களுடைய அக்கா தங்கை வரிசை, கதவுக்குப் பின்னால் கல்யாணப் பெண். எல்லோருக்கும் டீ.

நான் நின்றுகொண்டு படித்தேன். முகூர்த்தம், இடம், மணமக்கள் எல்லாம் நன்றாகப் போயிற்று. உள்தாளுக்கு வந்தேன். இடது பட்டியல், முதல் வரி. கண் பார்த்ததை வாய் சொல்லிவிட்டது. “லேட்” என்று படித்து, அதே மூச்சில் பெரிய மாமன் பெயரையும் படித்தேன்.

பெரிய மாமன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னொரு தபா படி.”

நான் பெயரை மட்டும் படித்தேன்.

“அதுக்கு மின்னாடி ஒண்ணு சொன்ன பாரு. அத்தயும் சேத்து.”

“லேட்” என்றேன்.

எதிர்ச் சுவரிலிருந்து சின்ன மாமன் கேட்டார்: “எப்போண்ணே? ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே.”

“உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணுமாடா?”

இரண்டு மாதம் கழித்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. கதவுக்குப் பின்னால் பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் வரிசையாக எல்லோரும். போட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“நல்ல காரியத்துல இன்னாபா இது. எண்ணூறு வூட்டுக்குப் போவ வேண்டிய தாளு. அந்த பேப்பர குடு. பாரிஸ் கார்னர்ல கட கீது, அங்க குட்த்துக்கறேன்.”

தாளை நீட்டவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. தாளைக் குனிந்து பார்த்தபோதுதான் நடந்தது புரிந்தது. மாற்றும் நிரல் வெற்று வரிகளில் ஒன்றை விழுங்கிவிட்டது. என் அழகான ஒல்லிப் பத்தி முழுவதும் ஒரு வரி மேலே ஏறியிருந்தது. பட்டியல் நெடுக, செத்தவர்களுக்கு மேல்வரியில் இருந்தவர்கள் எல்லாம் செத்திருந்தார்கள்.

“மெஷின் மாத்துனதுல வரி ஏறிடுச்சிங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மை அது மட்டும் இல்லையே. “நான் படிச்சிப் பாத்திருக்கணும். பாக்கல. ஸ்கேல் வெச்சி அளந்தேன், படிக்கல.”

பெரிய மாமன் என் பக்கம் திரும்பினார். “அப்ப எங்கப்பாவுக்கு?”

“தாத்தாவுக்கு லேட் இல்லீங்க. அவருதுதான் உங்களுக்கு வந்துடுச்சி.”

“அப்ப அப்பா உசுரோட கீறாரா அதுல?” என்று பெண்ணின் அம்மா கேட்டார். அந்த அம்மாள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அவுர அப்டியே உட்டுடு” என்றார் பெரிய மாமன்.

“உட்டா ஜனங்க இன்னா சொல்லும்?” என்றார் போட்டுக்காரர்.

“இன்னா சொல்லும்? யாரு கீறாங்க, யாரு இல்லன்னு இந்தக் கரைக்குத் தெரியாதா? தெரியாதவன் நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு வரான்?”

சின்ன மாமன் தொண்டையைச் செருமினார். “அவுர ரெண்டாவதுல இன்னாத்துக்கு வெச்சிகீறீங்க? நடுவுல மேல தூக்கி வெய்யி. தனியா. நாங்க கீய நிக்கறோம்.”

பெரிய மாமன் தலையை ஆட்டினார். இரண்டு மாதச் சண்டை அங்கேயே முடிந்தது. ஆனால் போட்டுக்காரருக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. நாளைச் சாயங்காலத்துக்குள் சரியான புரூஃப் வராவிட்டால் பாரிஸ் கடைதான் என்றார். “நா கூட போறேன். அடிக்கறப்ப பக்கத்துலயே குந்திக்கறேன். இந்த தபா சாவறனா இல்லியான்னு நேராவே பாத்துடலாம்” என்றார் பெரிய மாமன்.

சொன்னபடி மறுநாள் காலை வந்துவிட்டார். அப்பாவுக்கு அன்று ஓய்வு நாள். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெரிய மாமன் மேஜையைப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர்.

“இது இன்னா ரெண்டு?”

நான் விளக்கினேன். பழசில் உங்கள் பட்டியல் சரியாக இருக்கிறது, ஆனால் நகராது. புதுசு ஓடும், ஆனால் பழைய பட்டியலை அப்படியே வாங்காது. எதை வைத்துக்கொள்வது என்று ஒரு வாரமாக வீட்டில் பேச்சு. நைனா பழசுக்கு வேலை பார்க்கச் சொல்கிறார், என் தோஸ்து புதுசு வாங்கச் சொல்கிறான்.

அவர் யோசித்தார். “பயசுல அடிச்சா பத்திரிக லேட்டாவுது. புதுசுல அடிச்சா நா லேட்டாவறேன். அப்டித்தானே?”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கம்ப்யூட்டர் விஷயமாக எங்கள் வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்தடவை. “அக்காங், அதான் மேட்டர்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இன்னா செய்யலாம்ன்ற?”

“எனுக்கு இன்னா தெரியும். அவன்தானே அடிக்கப் போறான்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு பொத்தானையும் அழுத்தினேன். புதுசு வந்தது. பழசு செருமியது. மாற்றும் நிரலைத் தொடவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, நடுவில் மேலே தாத்தா பெயரை அடித்தேன். அடித்ததை வாய்விட்டுப் படித்தேன். பெரிய மாமன் “ம்” என்றார். மாமன்மார் இருவர். “ம்.” அப்புறம் ஒவ்வொரு பெயராக, நேற்றைய தாளைப் பார்த்து அடிப்பதும் படிப்பதும் அவர் ‘ம்’ சொல்வதும். ‘லேட்’ பத்தியே வைக்கவில்லை. இல்லாதவர்களை எல்லாம் தாத்தாவின் கீழே ஒரே வரிசையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

முதல் ரயில் போனபோது ஐந்து பெயர் முடிந்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் அவர் ‘ம்’ சொல்லவில்லை. “இவன் கல்யாணம் கட்டிகினு சிங்கப்பூர் போய்ட்டான், பொண்டாட்டி பேரு எங்க?” என்றார். நேற்று வரை யாரும் கவனிக்காத பெயர். சேர்த்தேன். இரண்டாவது ரயில் போய்ப் பழசின் மவுஸ் நகர ஆரம்பித்தபோது, புதுசில் இடது பட்டியலில் பெரிய மாமன் வீட்டுப் பிள்ளைகள் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா டீ கொண்டுவந்தாள். அப்பா பழசின் திரையையும் புதுசின் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பழசை அணைக்கும் முறை தெரியாமல், சுவரில் ஸ்விட்சைத் தட்டி நிறுத்தினார்.

“கரண்டு இன்னாத்துக்கு வேஸ்ட்டு” என்றார்.

நூற்று எண்பத்தோரு பெயரும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடிந்தன. பெரிய மாமன் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். சாயங்காலம் போட்டுக்காரர் வீட்டு மாடியில் மறுபடி நின்று படித்தேன். யாரும் சாகவில்லை. போட்டுக்காரர் தாளை வாங்கி, ஸ்கேல் எதுவும் வைக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பிரஸ்ஸுக்கு எட்துனு போ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோஸ்து வந்தான். “எட்துனு போவவா, வெக்கவா?” “வெய்யி” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பழசை நான் தூக்கி எறியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அது மேஜைக்குக் கீழே இருந்தது. ஒவ்வொரு குடும்பமாக அடுத்த விசேஷத்துக்கு வரும்போது அவர்கள் பட்டியலை அதில் திறந்து, ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, படித்துப் படித்துப் புதுசில் அடித்தேன். அப்படிப் படித்தபோதுதான் தெரிந்தது, ‘போன தபா மாரியே’ என்று நான் அடித்துக்கொடுத்த பட்டியல்களில் எத்தனையோ பேர் லேட் ஆகாமலே காலமாகியிருந்தார்கள், ஒன்றிரண்டு பேர் வேறு கல்யாணமே செய்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்து, ஓடிப்போன மருமகனை என் கையாலேயே அழிக்கவைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு மணலி ரோட்டுக்குக் கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை, தெரியும். என்ன சொல்லப் போகிறார் என்பது தெரியாது. ஒரு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

“யார்டுல இன்னா சொன்ன, நைனா?” என்று கேட்டேன்.

“இன்னா சொல்றது. பையனுக்கு வேல கீதுன்னேன்.”

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணியும் சொல்லல அந்த சூப்பர்வைசரு” என்றார் அப்பா, துண்டால் முகத்தைத் துடைத்தபடி. “இன்னா வேலன்னு கேட்டான். சொன்னேன். அவன் பொண்ணுக்குக் காது குத்தறானாம். ரெண்டு மாமனாம், அதுலயும் தகராறாம். நாளிக்கி காலீல வரேன்னான் நைனா. ரெடியா இரு.”

நான் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து ‘காதணி விழா’ என்று அடித்து, கீழே பெயர்களுக்கு இடம் விட்டு வைத்தேன்.